கக்கத்து மஞ்சள்

இசைவாணி சட்டையைத் தண்ணீரில் முக்கவில்லை. துவைகல்லின் மேல் உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டிப் போட்டு, கக்கத்துத் தையலைப் பெருவிரலால் நீவிப் பார்த்தாள். மஞ்சள். போன வாரமும் இதே இடம்தான். அதற்கு முந்தின வாரம் குழம்பு பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். குழம்புக் கையை எவனும் கக்கத்தில் துடைக்கமாட்டான் என்பது இப்போதுதான் உறைத்தது.

மற்றக் கக்கத்தையும் பார்த்தாள். அங்கேயும் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. முகர்ந்தாள். புளித்த வாடை. பதினாறு வருஷமாக இந்த ஆளின் சட்டையைத் துவைக்கிறாள். அவன் வேர்வை இப்படி நாறியதில்லை.

அவள் புருஷன் இருளாண்டி சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் லோடுமேன். பேப்பர் பண்டலை லாரியிலிருந்து இறக்கி உள்ளே அடுக்க வேண்டும், அச்சான கட்டுகளை வெளியே ஏற்ற வேண்டும். கம்பெனி இரண்டு நீலச் சட்டை கொடுத்திருந்தது. இரண்டும் பாலிஸ்டர். வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு பண்டல் தூக்குவது சாக்குக்குள் புகுந்துகொண்டு தூக்குவதுபோல. பிரஸ்ஸிலும் மஞ்சள் மை உண்டு. ஆனால் அது நகக்கண்ணில் வரும், முழங்கையில் வரும், மண்ணெண்ணெய் போட்டால்தான் போகும். இது மை இல்லை.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சட்டையைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும். வெள்ளி பூத்திருந்தால் அலுமினியப் பவுடர். விரல் கருத்திருந்தால் திரி; இசைவாணிக்கே விரல் கருப்புத்தான், லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கம்பெனி ஒன்றில் திரி வெட்டுகிறாள். மஞ்சள் என்றால் கந்தகம். வெடிமருந்து கலக்குகிறவன் கை கால் கழுவிவிடுவான், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வான், சட்டையையும் அலசிவிடுவான். கக்கத்தில் மட்டும் வேர்வையோடு ஊறித் தையலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வீட்டோடு தங்கி வேலைக்குப் போன தன் அண்ணன் ராக்கப்பனின் பனியனையும் புருஷனின் பனியனையும் ஒரே வாளியில் ஊறப்போட்டுத் துவைத்தவள் அவள். அந்த மஞ்சள் அவளுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் அப்போது ஒரே செட்டில் மருந்து கலக்கினார்கள். வெம்பக்கோட்டைக்கு அப்பால் கருவேலங்காட்டுக்குள் தகரம் போட்ட செட்டு. லைசென்ஸ் கிடையாது, அதனால் கூலி அதிகம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இருளாண்டிக்குக் காய்ச்சல், போகவில்லை. ராக்கப்பன் போனான், செட்டு வெடித்தது. இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை வைத்துத்தான் இன்னார் என்று சொல்ல முடிந்தது. சொன்னவள் இசைவாணி.

பதினாறாம் நாள் இருளாண்டி கையில் சூடம் ஏற்றி, இனி மருந்தைத் தொடமாட்டேன் என்றான். அவளும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

“மறுபடி தொட்டீகன்னு தெரிஞ்சா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு மல்லாங்கிணத்துக்குப் பொறந்த வீட்டுக்கே போயிருவேன் மாமா. நீங்க செத்த பிறகு போறதுக்கு, உசுரோட இருக்கையிலயே போயிருவேன்.”

அவன் தலையாட்டினான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

“என்னத்தா, சட்டைய அந்த மோப்பு மோக்க? புருசன் செண்டு கிண்டு அடிக்கானா?”

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் குடத்தோடு வந்து நின்றாள். அவளும் அதே கம்பெனியில்தான் திரி வெட்டுகிறாள், ஒரே வேனில் போய் வருகிறவள்.

“மஞ்சளா இருக்குக்கா.”

“எவ பூசின மஞ்சளோ.”

“இப்ப எவக்கா மஞ்ச பூசுறா? எல்லாம் கிரீமு.”

“அதுவும் சரித்தான்.” குருவம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். “ஆனா ஒண்ணு கேக்கேன். உன் ஆளு ஒரு மாசமா தனியாப் படுக்கான். குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வாரான். ஞாயித்துக்கிழமையும் வேலைங்கான். நான் ஒண்ணும் சொல்லல. நீயே கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கோ.”

அவள் சொன்னதெல்லாம் இசைவாணி ஏற்கெனவே கூட்டிப் பார்த்ததுதான். தலை ஈரத்தோடு வருகிறான். பிரஸ் குழாயில் குளித்தேன் என்கிறான். வெக்கையாக இருக்கிறது என்று வாசலில் படுக்கிறான். சோறு போடும்போது பக்கத்தில் போனால் இரண்டு கையையும் விலாவோடு ஒட்டிக்கொள்கிறான், யாரோ கிச்சுக்கிச்சு மூட்ட வருவதுபோல. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறான். கேட்டால், “ஆர்டர் சாஸ்தி. லோடு வருது.”

பெண் விவகாரமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒருத்தி என்றால் சம்பளத்தைத்தான் பிடுங்குவாள். மருந்து ஆளையே பிடுங்கிக்கொள்ளும்.

அந்த வாரச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட அவன் கூடுதலாகத் தரவில்லை. அது மட்டும்தான் கணக்கில் உதைத்தது. கலக்கப் போகிறவன் காசை எங்கே வைக்கிறான்?

சனிக்கிழமை வேனில் வரும்போது குருவம்மாளிடம் போனை வாங்கினாள். வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரின் அடியில் பிரஸ் நம்பர் அச்சடித்திருந்தது. அதைக் கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

“அண்ணே, நாளைக்கு ஒரு பார்சல் எடுக்கணும். ஞாயித்துக்கிழமை ஆளு இருப்பாகளா?”

“ஞாயித்துக்கிழமையா? நான் ஒருத்தன்தான் இருப்பேன், வாட்ச்மேனு. கேட்டே தொறக்க மாட்டாக. திங்கக்கிழமை வாங்க. யாரு பேசுறது?”

அவள் போனை அணைத்துக் கொடுத்துவிட்டாள். குருவம்மாள் வாய்க்குள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பது அபூர்வம்.

மறுநாள் அவன் கிளம்பிப் போனதும் இசைவாணி வீட்டைத் தேட ஆரம்பித்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பிரீத்திகா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“என்னத்தம்மா தேடுறீக?”

“ஊசி.”

“பரண்லயா?”

“படிக்கிற வேலையப் பாரு.”

பெட்டியில் இல்லை. அரிசிப் பானைக்கு அடியில் இல்லை. குளிக்கும் மறைப்பில், சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் கையை விட்டாள். ஒரு எவர்சில்வர் சம்புடம் வந்தது. அதன் பின்னால் பேப்பரில் மடித்த பொட்டலம் ஒன்று.

சம்புடத்தில் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள் களிம்பு. பொட்டலத்தில் ஒரு கைப்பிடி மஞ்சள் பொடி.

பொட்டலத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடர்போல மெத்தென்று இருந்தது. அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். மகள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வேலியோரம் ஒரு சட்டிக்குள் வைத்து மூடிக் கல்லை ஏற்றினாள். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

சாயங்காலம் அவன் வந்தான். தலை ஈரம். பிரீத்திகாவைக் குருவம்மாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“குளிச்சாச்சா?”

“ம். பிரஸ் பைப்புல.”

“பிரஸ்ஸு பூட்டிக் கெடக்காமே.”

அவன் சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுத்தான்.

“வாட்ச்மேன் சொன்னாரு. மாமா, நான் சுத்தி வளைக்கல. கூரை இடுக்குல இருந்தத எடுத்துட்டேன். பத்தாவது படிக்கிற பிள்ள குளிக்கிற எடத்துல கந்தகத்த வச்சிருக்கீக. யாரு செட்டுக்குப் போறீக?”

“எவன் செட்டுக்கும் போகல.”

“அப்ப அது என்ன? தீவாளிக்கு மகளுக்கு வெடி செய்யவா?”

அவன் கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். பனியனையும் கழற்றினான். ஒரு மாசமாக அவன் அவள் முன்னால் பனியனைக் கழற்றியதில்லை. லைட்டுக்கு அடியில் வந்து நின்று, போலீஸ்காரன் சோதனை போடுவதற்கு நிற்பவன்போல இரண்டு கையையும் தூக்கினான்.

“பாரு. நல்லாப் பாத்துக்கோ.”

கக்கத்து முடி ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நூலில் கஞ்சி காய்ந்து ஒட்டினதுபோலச் சில இடத்தில் திட்டுத் திட்டாக, சில இடத்தில் முடியோடு முடி சேர்த்துப் பிசினாக. அதற்கு அடியில் தோல் சிவந்து உரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. வாடை மூக்கில் அடித்தது. சட்டையில் இருந்த அதே புளிப்பு.

“என்ன மாமா இது?”

“தெரியல.” கையை இறக்கவில்லை. “ரெண்டு மாசமாச்சு. குளிச்சாலும் போகல, தேய்ச்சாலும் போகல. பிரஸ்ஸுல பயலுக பக்கத்துல நின்னு பண்டல் தூக்க மாட்டேங்கானுக. புளிச்ச மாவுன்னு பேரு வச்சிட்டானுக. ‘ஏலே, புளிச்ச மாவு வாரான், தோசைக்கல்லப் போடு’ங்கானுக.”



“என்கிட்ட சொன்னா என்ன?”

“பெருவியாதியோன்னு பயம். இல்லன்னா பொம்பள வியாதின்னு நீ நெனப்ப. எதச் சொல்ல? கந்தகத்த எண்ணெயில குழைச்சுப் பூசினா சொறி சிரங்கு போகும்ல, அதான் பூசிப் பாத்தேன். எரியுது, போகல. இன்னும் கொஞ்சம் பூசினேன்.”

கந்தகம் பூசுவது அவளுக்கும் தெரிந்ததுதான். சின்ன வயசில் ராக்கப்பனுக்கும் அவளுக்கும் சிரங்கு வந்தபோது அம்மா தலையிலிருந்து கால் வரைக்கும் பூசி வெயிலில் நிறுத்தியிருக்கிறாள்.

“கந்தகம் ஏது?”

“சிவகாசியில நாட்டு மருந்துக் கடையில.”

“ஞாயித்துக்கிழமை எங்கன போறீக?”

“வெம்பக்கோட்டை அணைக்கட்டுல போயிக் குளிச்சிட்டு, கையத் தூக்கிக்கிட்டு காத்தாட உக்காந்திருப்பேன். வீட்ல உக்காந்தா நீ பாத்துருவ.”

அந்த ஆள் அணைக்கட்டுக் கரையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். ஒரு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டதுபோல இருந்தது. அவனை எப்படியெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கூச்சமாகவும் இருந்தது. அன்று இரவு அவனை உள்ளே படுக்கச் சொன்னாள். மூக்கைத் திருப்பிக்கொண்டு படுத்தாள், ஆனாலும் பக்கத்தில் படுத்தாள்.

புதன்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். தோல் நோய்ப் பிரிவில் நாற்பத்து மூன்றாவது சீட்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் இருளாண்டி கையை ஒட்டியே வைத்திருந்தான்.

“என்ன வேலைன்னு கேப்பாகளோ?”

“கேட்டா சொல்லுங்க. லோடுமேன்னு.”

“முன்னாடி என்ன வேலைன்னு கேட்டா?”

“அதச் சொன்னா என்ன? ஊருக்கே தெரியும்.”

“எழுதி எங்கயாச்சும் அனுப்பிருவாகளோ.”

அவனுக்கு ஆஸ்பத்திரி என்றாலே போலீஸ் ஸ்டேஷனின் பக்கத்து வீடு என்று நினைப்பு என அவள் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் ஐஸ்வர்யாவுக்கு முப்பது வயது இருக்கும். கையைத் தூக்கச் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. இன்னும் கிட்டே வந்தாள். ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட் மாதிரி ஒரு சின்ன ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். இருட்டில் முடியெல்லாம் மங்கலாக மஞ்சள் வெளிச்சம் விட்டது. நான்கு முடியை இடுக்கியால் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து அனுப்பினாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

“பயப்படாதீங்க. இது பாக்டீரியா. தோலுக்குள்ள போகல, முடியைச் சுத்தி ஒட்டி வளருது. நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கிற கிருமிதான். வேர்வை அதிகம், காத்துப் போகாத சட்டை, அந்த ஈரத்துலயே பத்து மணி நேரம் வேலை. அதுக்கு நல்ல வசதி ஆயிடுச்சு.”

“பெருவியாதி இல்லையே?” என்றான் இருளாண்டி.

“இல்லவே இல்ல.”

“பொம்பள சவகாசத்துல வருமா டாக்டர்?” என்றாள் இசைவாணி.

டாக்டர் சிரித்துவிட்டாள். “வராதும்மா. பாவம் அவரு.”

“சட்டையில மஞ்சளாப் படுதே?”

“அந்தக் கிருமியோட நிறம் அது. சில பேருக்குச் சிவப்பாகூட வரும், கருப்பாகூட வரும். வேர்வையே கலர் மாறிட்ட மாதிரித் தெரியும்.”

இசைவாணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தையலுக்குள் ஊறிய மஞ்சளை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னது தப்பாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கண்ணுக்கு இது முதல் தோல்வி.

“வைத்தியம் சுலபம். முடி இருந்தாத்தான் அது பிடிச்சு வளரும், அதனால முடியை எடுத்துடணும். ஆனா இப்பவே சவரம் வேணாம், தோல் புண்ணா இருக்கு. இன்னைக்கு கத்தரியால ஒட்ட வெட்டுங்க. இந்தக் களிம்பை நாலு நாள் போடுங்க, புண் ஆறிடும். ஞாயித்துக்கிழமை சுத்தமா மழிச்சிட்டு, இந்த லோஷனைக் காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மூணு வாரம். நடுவுல முடி வளர்ந்தா மறுபடி மழிங்க. பருத்திப் பனியன் போடுங்க, மதியம் ஒண்ணு மாத்துங்க. குளிச்சா நல்லாத் துடைச்சுக் காயவிடுங்க. அந்தப் பிளேடை வேற யாருக்கும் பயன்படுத்தக்கூடாது.” எழுதிக்கொண்டே கேட்டாள்: “கிருமியால இவ்வளவு புண்ணாகாதே. என்ன போட்டீங்க?”

“கந்தகம்,” என்றான்.

“அரைச்சுப் போட்டீங்களா? கரகரன்னு இருந்து கிழிச்சிருக்குமோ?”

“அரைக்கவெல்லாம் இல்ல டாக்டர். நல்ல நைசுப் பொடி. கிடைக்கும்போதே சலிச்சதுதான்.”

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. இனி அதைத் தொடாதீர்கள் என்று சீட்டைக் கொடுத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இசைவாணி மருந்துக் கவுண்டரில் வரிசையில் நிற்கும்போது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலத்தைத் தொட்ட விரல்கள். நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் கட்டியாகத்தான் கொடுப்பார்கள். அம்மா வாங்கி வந்ததும் கட்டிதான். உரலில் இடித்து இடித்துப் பார்த்தும் குருணை போகாது. அந்தப் பொட்டலத்தில் இருந்தது மாவு. துணியில் போட்டு இரண்டு தரம் சலித்த மாவு. வெடிக்கு மருந்து கலக்குகிற இடத்தைத் தவிர வேறு எங்கும் கந்தகத்தை அந்த மாதிரிச் சலிக்கமாட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவனை உட்காரவைத்து, எழுந்து போக முடியாதபடி அவள் வெளிப்பக்கம் உட்கார்ந்தாள். ஊரின் கடைசி வீடுகள் தாண்டினதும் கேட்டாள்.

“யாரு குடுத்தா மாமா?”

“எத?”

“சலிச்ச கந்தகத்த.”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, பொட்டல்தான்.

“வெள்ளைத்துரை,” என்றான்.

வெள்ளைத்துரை ராக்கப்பன் செத்த செட்டில் பங்குதாரனாக இருந்தவன். கேஸ் முடிந்ததும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு தகரம் போட்டிருந்தான்.

“காசுக்குக் கேட்டேன். கொஞ்சூண்டுக்கு என்னலே காசு, ஞாயித்துக்கிழமை வந்து சலிச்சுக் குடுத்துட்டுப் போன்னாரு. ரெண்டு கை ஒத்தாசை, அம்புட்டுத்தான்.”

“எத்தன ஞாயிறு?”

“மூணு.”

“அணைக்கட்டுல கையத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தது?”

“அதுவும் உண்டு. சலிச்சு முடிச்சிட்டு அங்கன போயித்தான் குளிப்பேன்.”

முழுப் பொய்யைவிடப் பாதி உண்மை அவளை அதிகம் சுட்டது. அணைக்கட்டுக் கரையில் பாவமாக அவனை மனசுக்குள் உட்காரவைத்துப் பார்த்தவள் அவள்தானே.

“கலக்கல புள்ள. சத்தியமா கலக்கல. வெறுமன சலிக்கத்தான்.”

“எங்கண்ணனும் அன்னைக்குச் சலிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அடுத்த ஞாயிறு?”

“வாரேன்னு சொல்லிருக்கேன். அவரே வண்டியக் கொண்டாந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. ஆளு பத்தல, தீவாளி ஆர்டர்.”

கண்டக்டர் பாக்கிச் சில்லறை கொடுத்தபோது அவளை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

புதன் ராத்திரியிலிருந்து சனிவரை நாலு நாளும் அவள் களிம்பு போட்டுவிட்டாள். பொட்டலத்தையும் சம்புடத்தையும் வேலிக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தாள். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றை எடுத்துத் தன் சேலை நாலும் பிரீத்திகாவின் யூனிபாரமும் பாடப் புத்தகமும் வைத்து, நிலைப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இருளாண்டி அதைப் பார்த்தான். தாண்டிப் போனான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான்.

“எங்கம்மா போறோம்?” என்றாள் மகள்.

“நாளைக்குத்தான் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு அவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள். புண் ஆறித் தோல் பழுப்பாகியிருந்தது. புது ரேசர், புது பிளேடு, ஒரு சட்டியில் வெந்நீர், சோப்பு.

“நானே பண்ணிக்கிருவேன்.”

“உங்களுக்கு எட்டாது. கையத் தூக்குங்க.”

வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்தான். கத்தரியால் வெட்டியது போக மிச்சம் நின்ற குச்சி முடியிலும் மஞ்சள் பிடித்திருந்தது. சோப்பு நுரையைத் தடவினாள். மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள். பிளேடை ஒவ்வொரு தடவையும் சட்டியில் அலசினாள். திரி வெட்டுகிற கை, நூல் பிசகாது.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹார்ன் அடித்தது.

இசைவாணி நிறுத்தவில்லை. அவன் உடம்பு இறுகியது அவள் விரலுக்குத் தெரிந்தது.

“ஏலே இருளாண்டி,” என்று வெள்ளைத்துரையின் குரல். “மணி ஏழாச்சுலே. வெயிலுக்கு முன்ன போயிருவோம்.”

அவள் பிளேடை எடுத்து அலசினாள். சட்டித் தண்ணீரில் மஞ்சள் குருணைகள் மிதந்தன. அவனைப் பார்க்கவில்லை. கட்டைப்பையையும் பார்க்கவில்லை, அது அவன் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது.

மறுபடி ஹார்ன்.

“உள்ள என்னலே பண்ணுத? பொண்டாட்டி சடை பின்னி விடுதாளா?”

தெருவில் யாரோ சிரித்தார்கள். குருவம்மாளாகத்தான் இருக்கும்.

இருளாண்டி தொண்டையைச் செருமினான். கை தலைமேலேயே இருந்தது.

“வரலைண்ணே.”

“என்னது?”

“வரலை. இன்னைக்கும் வரலை, இனிமேயும் வரலை.”

“கந்தகம் வேணும்னு கெஞ்சுறப்ப மட்டும் வாய் வந்துச்சோ? ஒரு நாள் வேலை நிக்குதுலே.”

“நிக்கட்டும்ணே. எனக்கு ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துட்டாக.”

வெளியே ஒரு கெட்ட வார்த்தை, கிக்கரை உதைக்கிற ஓசை. வண்டி தெருவைத் தாண்டிக் கருவேலங்காட்டுப் பக்கம் போகிற சத்தம் தேய்ந்து மறைகிறவரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

“அந்தக் கை,” என்றாள் இசைவாணி.

அவன் இடது கையைத் தூக்கினான். அவள் அதையும் மழித்து, துண்டால் ஒற்றி, காய்கிறவரை பேப்பர் அட்டையால் விசிறினாள். பிரீத்திகா லோஷன் புட்டியில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: “கிளின்டாமைசின்.” பஞ்சில் நனைத்துத் தடவியபோது இருளாண்டி பல்லைக் கடித்தான்.

“எரியுதா?”

“லேசா.”

“எரியட்டும்.”

பிளேடைக் கழற்றித் தாளில் சுற்றி எறிந்தாள். சட்டித் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். அவன் துவைத்து வைத்திருந்த பருத்திப் பனியனைப் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றான். கட்டைப்பை காலில் இடித்தது.

“இத உள்ள எடுத்து வைக்கட்டா புள்ள?”

“அது அங்கனயே இருக்கட்டும்.”

“நான்தான் வரலன்னு சொல்லிட்டேன்ல? கேட்டுக்கிட்டுத்தான இருந்த?”

“கேட்டேன்.” ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தினாள். “டாக்டர் மூணு வாரம்னு சொல்லிருக்காங்க. அதுவரைக்கும் சட்டையில மஞ்ச வரத்தான் செய்யும். எது எந்த மஞ்சள்னு எனக்குத் தெரியாது. மூணு வாரம் கழிச்சு வரக்கூடாது. அப்ப எடுத்து வைக்கலாம்.”

“பிள்ளைக்கு நாளைக்கு யூனிபாரம் வேணுமே.”

“காலையில எடுத்துப் போட்டுக்குவா. சாயங்காலம் துவைச்சு மறுபடி பையிலயே வச்சிருவா.”

பிரீத்திகா அம்மாவையும் அப்பாவையும் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்ப் படிக்க உட்கார்ந்தாள்.